முதுகு இல்லாத அங்கி

ஹானா கெல்லிஹர் எழுதிய கதைகளில் சாமியார் வந்து சேராமல் ஒருத்தரும் செத்தது கிடையாது. பனி கொட்டட்டும், ஆறு பாலத்தை அடித்துக்கொண்டு போகட்டும், குதிரைக்குக் கால் ஒடியட்டும், கதை முடிவதற்கு ஒரு பக்கம் முன்னால் சாமியார் நனைந்த தொப்பியோடு வாசலில் வந்து நிற்பார். கட்டிலில் கிடக்கிறவன் அதுவரைக்கும் கோயில் இருக்கிற திசையில் தலைவைத்துப் படுக்காதவன். குடிகாரன், இல்லையென்றால் மாலுமி, இல்லையென்றால் டப்ளினுக்குப் படிக்கப்போய்ச் சிவப்புப் புத்தகங்களில் கெட்டுப்போனவன். அவன் கண்ணில் நீர் கோக்கும். போர்வை மேலிருந்த கை மெல்ல நகர்ந்து ஏசு தொங்குகிற சிலுவையை, பாடுபட்ட சுரூபத்தைப் பிடிக்கும். கோயில் மணி அடிக்கும். கதை முடிந்தது, எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கதைகள் ‘சின்ன விளக்கு’ என்ற பத்திரிகையில் மாதாமாதம் வந்தன. எங்கள் கெர்ரி மலைப்பக்கத்துப் பங்கில், ஒரே சாமியாருக்குக் கீழிருந்த அத்தனை ஊரிலும், அது வராத வீடு இல்லை. அடுப்பங்கரையில் ஒருத்தி சத்தம்போட்டு வாசிப்பாள், மற்றவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்பார்கள். நானும் சிந்தியிருக்கிறேன், பொய் சொல்வானேன்? ஆனால் வீட்டுக்கு நடக்கிற வழியில் எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். ஏனய்யா, சாமியார் வந்து சேர்வதற்குள் மூச்சு நின்றுபோனவன் நம்மூரில் இல்லையா? பாதி நம்பியும் பாதி நம்பாமலும் சாகிறவரைக்கும் ஜெபமாலை உருட்டியவன் இல்லையா? அவர்களெல்லாம் எந்தக் கதைக்குள் போய்ச் சாவார்கள்? இதை ஹானாவிடம் நேரில் கேட்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை. அவளுக்கு வாய் நீளம்.

கதை எழுதுவது ஹானாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியான வேலை. பிழைப்பு தையல். எங்கள் பக்கத்தில் செத்தவர்களைப் பழுப்பு அங்கி உடுத்திக் கிடத்துவார்கள், சந்நியாசிகள் போடுகிற மாதிரி. பங்கில் யார் செத்தாலும் அங்கி ஹானா கையால்தான். நெஞ்சில் மடிப்பு வைத்து, ஏசுவின் இருதயப் படம் தைத்து, மணிக்கட்டில் சுருக்கு வைத்து அழகாகச் செய்வாள். ஆனால் முன்பக்கம் மட்டும்தான் துணி. பெட்டிக்குள் மல்லாந்து கிடக்கிறவனுக்கு முதுகு எதற்கு? கழுத்துக்குப் பின்னால் இரண்டு நாடா, இழுத்து முடிந்தால் தீர்ந்தது. எல்லா ஊரிலும் அப்படித்தான் தைப்பார்கள்.

அவளோடு இருந்தது தம்பி மர்ட்டி ஒருவன்தான். அம்மா போனபோது அவன் தவழ்கிற பிள்ளை. ஹானா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே சமைத்தாள், தைத்தாள், வந்த வரன்களைத் திருப்பி அனுப்பினாள். அவனும் கட்டிக்கொள்ளவில்லை. நாலு மாடு, கொஞ்சம் உருளைக்கிழங்கு நிலம், சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கட்டிகள் புகையும் ஒரு அடுப்பு. அதன் இரு பக்கமும் இரண்டு பேர். ‘சின்ன விளக்கு’ வந்த அன்று அதை முதலில் பிரிப்பவன் மர்ட்டிதான்.

“அக்கா, இவன் எந்தப் பக்கத்துல அழுவான், சொல்லவா?”

“வாய மூடிட்டுப் படிடா.”

“அஞ்சாம் பக்கம்.”

“ஆறு.”

“ஆறா! இவன் கொஞ்சம் கல்நெஞ்சுக்காரன் போல.”

ஹானா கம்பளிநூல் உருண்டையை எடுத்து அவன் மேல் எறிவாள். அவன் அதைப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு மேலே படிப்பான். ஒரு நாள் படித்து முடித்துவிட்டு, அவள் மடியில் கிடந்த பழுப்புத் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“உன் கதையும் இதுவும் ஒண்ணுதான் அக்கா. முன்னால மடிப்பு, சுருக்கு, படம், எல்லாம் ஜோரா இருக்கு. திருப்பிப் பாத்தா முதுகே இல்ல.”

“செத்தவன் என்னத்துக்குடா திரும்பப் போறான்?”

“உயிரோட இருந்தப்ப இருந்துச்சுல்ல அவனுக்கு முதுகு?”

அவள் துணியைப் பிடுங்கிக்கொண்டாள். அன்றைக்கு அது வெறும் கேலியாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மர்ட்டி கோயிலுக்குள் போகமாட்டான். ஞாயிற்றுக்கிழமை கழுதை வண்டியில் அக்காவைக் கொண்டுவந்து இறக்குவான், பூசை முடிகிறவரைக்கும் வெளி மதிலோரத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான், பிறகு கூட்டிக்கொண்டு போவான். அவன் பக்கத்தில் டேன் ஹார்னெட் என்ற இன்னொருவனும் நிற்பான். மழையானாலும் அங்கேதான். ஏன் என்று பங்கில் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை.

இங்கிலீஷ்காரனைத் துரத்திவிட்டு எங்கள் ஆட்களே இரண்டாகப் பிரிந்து சுட்டுக்கொண்ட இருபத்திரண்டாம் வருஷத்துக் குளிர்காலம் அது. மர்ட்டியும், டேனின் அண்ணன் கானும், இங்கிலீஷ்காரனோடு போட்ட ஒப்பந்தம் வேண்டாம் என்று மலைக்குப் போனவர்கள். அப்படிப் போனவர்களுக்குப் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனமும் கிடையாது, பூசையில் நன்மை அப்பமும் கிடையாது என்று சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணிமார்கள் கூடி நிருபம் எழுதிக் கோயில்தோறும் வாசிக்கவைத்திருந்தார்கள். கானுக்கு வயிற்றில் குண்டு பாய்ந்தது. மாட்டுக்கொட்டிலில் வைக்கோலில் கிடத்திவிட்டு மர்ட்டி மலை தாண்டி ஓடிச் சாமியாரைக் கூட்டிவந்தான். அப்போதைய பங்குச்சாமியார், இப்போது அவரும் இல்லை. துப்பாக்கி எடுத்தது பாவம் என்று முதலில் சொல், பிறகு மற்றதெல்லாம் என்றார் அவர். கான் சொல்லவில்லை. சாமியார், சாகிறவர்களுக்குப் பூசுகிற தைலக்குப்பியை மூடிக்கொண்டு போய்விட்டார். அவர் திரும்பி வருவாரா, வருவாரா என்று கேட்டுக்கொண்டே கிடந்தான் கான். வருவாருடா, வந்துகிட்டு இருக்காருடா என்று மர்ட்டி சொல்லிக்கொண்டே இருந்தான். கதவைப் பார்த்தபடியே கானின் உயிர் போயிற்று.

ஹானாவுக்கு இது முழுக்கத் தெரியும். ஒருமுறை எழுதியும் பார்த்தாள். மலையில் கிடக்கிறவன், குப்பியை மூடுகிற சாமியார், எல்லாம் அப்படியே. டப்ளினில் இருந்த ஆசிரியர், அவரும் சாமியார்தான், எழுத்து அருமையாக இருக்கிறது என்றார். மேற்றிராணிமாரைப் பற்றி வாசகர் மனம் கலங்கக்கூடாது, ஆகையால் அந்த மனிதன் கெட்டதற்குக் குடியைக் காரணமாக வைத்துக்கொள்வோம், சாமியார் திரும்பி வருவதாக முடிப்போம் என்றும் சொன்னார். ஹானா சரி என்றாள். அவளுக்கும் சாமியார் திரும்பி வந்துவிட்டால் தேவலை என்றுதான் இருந்தது.

மர்ட்டி அதைப் படித்தான். பத்திரிகையை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் பால் கறக்கப் போனான். ஹானா செம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

“கான் வாயில ஒரு சொட்டு விட்டதில்ல அக்கா,” என்றான் அவன், மாட்டின் விலாவில் நெற்றியை வைத்தபடி. “அவனைக் குடிகாரனாக்கிட்டியே.”

அதன்பிறகு எந்தப் பக்கத்தில் அழுவான் என்று அவன் கேட்டதே இல்லை.

பெரும்பனி விழுந்த நாற்பத்தேழாம் வருஷம், பனி உருகின கையோடு மர்ட்டி படுத்தான். சோறு தண்ணீர் இறங்கவில்லை. நகரத்து ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மூடி அனுப்பிவிட்டார்கள். அடுப்புப் பக்கம் கட்டிலை இழுத்துப் போட்டு அவனைக் கிடத்தினாள் ஹானா. ஆறடி மனிதன், போர்வைக்குள் தேடவேண்டியிருந்தது.

அவன் சாகப்போகிறான் என்பதை அவள் ஒருவாறு விழுங்கிக்கொண்டாள். சாமியார் வேண்டாம் என்று செத்தால் அதற்குப்பிறகு அவன் போகிற இடம்தான் அவளை உலுக்கியது. நரகம் என்றால் ஹானாவுக்குப் பேச்சல்ல. வாசலுக்கு எதிரே இருக்கிற மலை எவ்வளவு நிஜமோ அவ்வளவு நிஜம். இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை அங்கே கிடப்பான், அவள் இங்கே இருந்து ரொட்டி சுடுவாள். அதை நினைத்ததும் மாவு பிசைகிற கையோடு அப்படியே நின்றுவிடுவாள்.

அதனால் தனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் இறக்கினாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் கதைகளில் பலித்தவைதான். மாதா சுரூபம் அச்சிட்ட பதக்கத்தைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்தாள். கதையில் அது மூன்றாம் நாள் வேலை செய்யும். இங்கே இரண்டாம் நாளே அகப்பட்டுக்கொண்டது.

“அக்கா, தலையணைக்குள்ள என்னத்த வச்ச? காதுல குத்துது.”

“பஞ்சு கட்டியா இருக்கும்.”

“பஞ்சுல மாதா படம் போட்டிருக்கா அக்கா?” என்று சிரித்தான். சிரிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு பக்கத்து வீட்டு ஜூலியா ஷுக்ருவின் பேத்தியைக் கூட்டிவந்து, கட்டில் ஓரத்தில் முழங்காலிட்டு ஜெபமாலை சொல்லவைத்தாள். பிஞ்சுக் குரலைக் கேட்டு அவள் கதையில் ஒரு மாலுமியே கரைந்திருக்கிறான். ஹானா கொல்லைக்குப் போய்த் தண்ணீர் எடுத்துவருவதற்குள் மர்ட்டி அந்தக் குட்டிக்கு இரண்டு விரலை வைத்துச் சீழ்க்கையடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தான். பூசையில் அடித்துவிடப்போகிறது என்று ஜூலியா தலையில் அடித்துக்கொண்டாள்.

பங்குச்சாமியார் ஃபாதர் மொய்னஹன் வந்தார். ஹானாவின் கதைகளைச் சின்ன வயதிலிருந்தே படித்தவர், கெட்டவர் இல்லை. மர்ட்டியும் அவரை மரியாதையாகவே நடத்தினான். மாட்டைப் பற்றிப் பேசினார்கள், கெர்ரி அணி பந்தாட்டத்தில் தோற்றதைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் ஃபாதர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மர்ட்டி, ஒரே ஒரு வார்த்தை. வருத்தப்படறேன்னு சொல்லிடுங்க, போதும்.”

“எதுக்கு ஃபாதர்?”

“எல்லாத்துக்கும்தான்.”

“எல்லாத்துக்கும்னா அந்த மாட்டுக்கொட்டிலும் அதுல வந்துரும். அதுக்கு மட்டும் நான் வருத்தப்பட முடியாது.”

“அது அந்தக் காலம், மர்ட்டி. இப்ப யாரும் அதையெல்லாம் கேக்கிறதில்ல.”

“கானுக்கு அந்தக் காலம் மட்டும்தான் ஃபாதர் இருந்துச்சு. வேற காலம் வரலையே அவனுக்கு.” மர்ட்டி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். “டீ ஆறுது, குடிங்க.”

ஃபாதர் போனபின் ஹானா உடைந்துபோனாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள்.

“உனக்கு ஆண்டவர் இருக்காருன்னு நம்பிக்கை இருக்கா இல்லையாடா? அதை மட்டும் சொல்லு.”

“இருக்காருன்னுதான் நினைக்கிறேன். இல்லாதவர் மேல யாராச்சும் இத்தனை வருசம் கோவமா இருப்பாங்களா?”

“அப்பறம் ஏன்டா இந்தப் பிடிவாதம்?”

“கான் கேட்டான், குடுக்கல. அவனை வெளிய நிறுத்திட்டாங்க. அவன் வெளிய நிக்கிறப்ப நான் மட்டும் எப்படி உள்ள போறது? அவனுக்குத் துணைக்கு நிக்கிறேன்கா. அவ்வளவுதான்.”

இத்தனை வருஷம் எழுதியவளுக்கு இப்படி ஒரு காரணத்தோடு ஒரு பாவி எதிரே வந்து நின்றதில்லை. அவள் கதையில் வருகிற பாவிகளுக்குக் காரணமே இருக்காது. தாகம் இருக்கும், திமிர் இருக்கும், கெட்ட சிநேகிதர்கள் இருப்பார்கள். சிநேகத்துக்காக மோட்சத்தை விட்டுக்கொடுக்கிறவனுக்கு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவனுக்கோ வேறொன்று தெரிந்திருந்தது. கத்தோலிக்க வீட்டில் பிறந்தவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? நினைவு தப்பிக் கிடக்கிறவனுக்கும் சாமியார் அவஸ்தைபூசுதல் கொடுக்கலாம். சாகப்போகிறவனின் கண்ணுக்கும் காதுக்கும் கைகாலுக்கும் தைலம் பூசிச் செபம் சொல்கிற அந்தச் சடங்குக்கு அவன் தலையாட்ட வேண்டியதில்லை. மூச்சு இருந்தால் போதும்.

“அக்கா, உன் ஜெபமாலையைக் கையில எடு.”

“எதுக்கு?”

“நீ அதைத்தான் நம்புற. அது மேல சத்தியம் பண்ணு. எனக்கு நினைவு போனப்பறம் அவரைக் கூட்டிட்டு வரமாட்டேன்னு சொல்லு. தூங்குற மாட்டுக்குக் கயிறு போடற மாதிரி என்னைப் பிடிச்சிராதீங்க.”

“மர்ட்டி, வேண்டாம்டா.”

“என்னை வளத்தவ நீ. நீ சொன்னா நான் நிம்மதியாக் கண்ண மூடுவேன்.”

அவள் சத்தியம் பண்ணினாள். அவன் உடனே தூங்கிப்போனான், சின்னப் பிள்ளை மாதிரி.

மூன்று நாள் கழித்து, காலையில் அவள் பால் கொண்டுவந்தபோது அவன் எழும்பவில்லை. மூச்சு மட்டும் கரகரவென்று போய்வந்துகொண்டிருந்தது. ஜூலியா வந்து பார்த்தாள், பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“ஹானா, நேரம் வந்துருச்சு. ஃபாதர் வீட்லதான் இருக்காரு. என் மருமகனை சைக்கிள்ல அனுப்பவா?”

“வேண்டாம்.”

“என்னடி வேண்டாம்? சாமியார் இல்லாம உன் தம்பி சாகறதா? நீ எழுதின கதையை நீயே படிச்சதில்லையா?”

ஹானா வெளியே வந்து வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெபமாலை கையில் இருந்தது. சத்தியத்தை மீறினால் பாவம் அவள் தலைமேல், அது போகட்டும், அதை அவள் சுமப்பாள். ஆனால் உலகத்திலேயே மர்ட்டி நம்பின ஒரே ஆள் அவள். மீறாவிட்டால் அவன் போகிற இடம்? ஒரு அடையாளம் காட்டும் ஆண்டவரே என்று கேட்டாள். அவள் கதைகளில் இந்த இடத்தில் ஒரு பறவை வரும், மேகம் விலகும், மணி கேட்கும். இங்கே ஜூலியாவின் கோழி ஒன்று சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. மலை அப்படியே நின்றது. ஆண்டவர் வாயே திறக்கவில்லை. உள்ளே மூச்சு ஒருதரம் நின்று, மறுபடி வந்தது.

தலையில் துணிகூடப் போடாமல் ஹானா ஓடினாள். அந்த வயதில் கோயில் வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சாமியார் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

ஃபாதர் தைலத்தோடு நடக்கிறதைக் கண்டால் எங்கள் ஊரில் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போவது வழக்கம். அப்படித்தான் வீடு நிறைந்தது. கட்டிலின் கால்மாட்டிலிருந்து வாசல் வரைக்கும் முழங்காலில் இருந்தார்கள். ஜூலியா சுவரிலிருந்து பாடுபட்ட சுரூபத்தை எடுத்துப் போர்வைமேல் வைத்தாள், மந்திரித்த மெழுகுவர்த்தியைக் கொளுத்திப் பிடித்தாள். ஹானா தலைமாட்டில் நின்றாள். ஃபாதர் பெருவிரலைத் தைலத்தில் தொட்டு, முதலில் மர்ட்டியின் இமைமேல் வைத்தார்.

மர்ட்டி கண்ணைத் திறந்தான்.

ஃபாதரைப் பார்த்தான். தைலத்தைப் பார்த்தான். பிறகு தலையை உயர்த்த முடியாமல் கண்ணை மட்டும் மேலே சுழற்றி அக்காவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் திட்டு இல்லை, கோபம்கூட இல்லை. நீயுமா என்பது மட்டும்தான் இருந்தது. போர்வைமேல் கிடந்த கை நகர்ந்தது. வேண்டாத கிண்ணத்தைத் தள்ளுகிற மாதிரி, புறங்கையால் சுரூபத்தைத் தள்ளினான். அது சுவர்ப்பக்கம் சரிந்தது. ஜூலியா பாய்ந்து அதைப் பிடித்து அவன் விரல்களுக்குள் திணித்து, விரல்களை மடக்கித் தன் கையால் பொத்திக்கொண்டாள்.

“சுரூபத்தைப் பிடிச்சாரு! கையை நீட்டிப் பிடிச்சாரு!” என்று யாரோ கால்மாட்டிலிருந்து கத்தினார்கள். ஒருத்தி ஓவென்று அழுதாள். ஃபாதர் காதுக்குப் பூசினார், மூக்குக்குப் பூசினார். வாய்க்கு வரும்போது மூச்சு இல்லை.

சவத்தைக் குளிப்பாட்டியபிறகு ஜூலியா பழுப்பு அங்கியைக் கேட்டாள். ஹானா துணிப்பெட்டியைத் திறந்து அவனுடைய சாம்பல்நிறக் கோட்டையும் கால்சட்டையையும் எடுத்துக் கொடுத்தாள்.

“அங்கி எங்கடி? ஊருக்கெல்லாம் தைச்சவ, தம்பிக்குத் தைக்கலையா?”

“அவனுக்கு முதுகு இருக்கிற துணிதான் போடணும்,” என்றாள் ஹானா. ஜூலியாவுக்குப் புரியவில்லை. துக்கத்தில் இருக்கிறவளோடு என்ன வாதாடுவது என்று விட்டுவிட்டாள்.

சாயந்திரத்துக்குள் ஜனம் திரண்டது. டீயும், ரொட்டியும், புகையிலையும், கறுப்பு பீரும் கைமாறின. எல்லார் வாயிலும் அந்தக் கைதான். கேட்கக் கேட்க அது வளர்ந்தது. முதலில் கையை நீட்டினான், அப்புறம் கண்ணீர் விட்டான், அடுப்பைச் சுற்றி வருவதற்குள் ‘ஆண்டவரே’ என்றும் சொல்லிவிட்டான். சாட்சாத் ஹானா கதைதான் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். ஃபாதர் மொய்னஹன் அவளருகே குனிந்தார். அவர் கண் சிவந்திருந்தது.

“ஹானா, இதை நீங்க எழுதணும். இந்தத் தடவை ஒரு வரிகூடக் கற்பனை பண்ணவேண்டியதில்ல.”

அப்போதுதான் டேன் ஹார்னெட் உள்ளே வந்தான். சவத்துக்கு முன்னால் முழங்காலிட்டான், எழுந்தான், நேரே ஹானாவிடம் வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது. மதிலோரத்தில் இனி அவன் ஒருவன்தான்.

“ஹானாக்கா, வழியெல்லாம் சொல்றாங்க. நிசமா? மர்ட்டி கையை நீட்டினானா?”

ஹானா எழுந்தாள்.

“இல்ல டேன். தள்ளினான். வேண்டாம்னு தள்ளினான். நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன், மீறிட்டு நான்தான் ஓடிப்போயி இவரைக் கூட்டிட்டு வந்தேன். அவன் கண்ணத் தெறந்தது என்னைப் பாக்கத்தான். பாத்துட்டுப் போயிட்டான்.”

ஜூலியாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“பாவம், துக்கம் தலைக்கேறிருச்சு. சுரூபத்தோட அவர் கையைப் பிடிச்சிருந்தவ நானாக்கும்! எனக்குத் தெரியாதா?”

“பிடிக்கவச்சது நீ, ஜூலியா!”

“உக்காருங்க ஹானா,” என்றார் ஃபாதர், ரொம்பக் கனிவாக. “நாங்க எல்லாரும் கண்ணால பாத்தோம். உங்க மனசு இப்ப சரியில்ல.”

“நான் தலைமாட்டுல நின்னேன் ஃபாதர்! எனக்குப் பொய் சொல்ல என்ன இருக்கு?”

“உன் கதையிலயே அப்படித்தானம்மா கை நகரும்!” என்றான் மூலையிலிருந்து ஒருத்தன், ஆறுதல் சொல்கிற குரலில். நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். யாரோ அவள் கையில் டீயைத் திணித்தார்கள். கட்டுக்கதை எழுதினபோதெல்லாம் ஒரு வார்த்தை சந்தேகப்படாத ஜனம், அவள் வாயிலிருந்து வந்த ஒரே நிஜத்தை நம்பவில்லை. டேன் மட்டும் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். பேச்சு மறுபடி அந்தக் கைக்குத் திரும்பியது.

அடக்கப் பூசைக்குக் கோயில் வழிந்தது. மர்ட்டியின் பெட்டி நடுவில், பீடத்துக்கு முன்னால் இருந்தது. ஹானா முதல் வரிசையில் இருந்தாள். ஃபாதர் பிரசங்கத்துக்குத் திரும்பினார். வழிதவறின ஆடு என்றார், பிடிவாதமான வருஷங்கள் என்றார். கானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“அந்தக் கடைசி நொடியில, போர்வை மேலிருந்த கை மெல்ல நகர்ந்து...” என்றார்.

அது ஹானாவின் வரி. எழுத்துக்கு எழுத்து அவளுடையது. அவருக்கே தெரியாமல் அவர் வாயில் வந்து உட்கார்ந்திருந்தது.

ஹானா எழுந்தாள். எல்லாரும் பார்க்க, பெட்டியைத் தாண்டி, நடுவழியாகவே வாசலுக்கு நடந்தாள். ஃபாதரின் பேச்சு ஒரு கணம் தடுக்கி மறுபடி போயிற்று. பிறந்ததிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசைகூடத் தவறவிடாதவள், சொந்தத் தம்பியின் பூசையில் பாதியில் வெளியே வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. மதிலோரத்தில் டேன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவளைக் கண்டதும் கொஞ்சம் நகர்ந்து, மர்ட்டி நிற்கிற இடத்தை விட்டுக்கொடுத்தான்.

அவள் அங்கே நின்றாள். பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தாள். அதே மாலை. முதல் மணியைப் பிடித்தாள், உருட்ட வரவில்லை.

“டேன், அவன் எங்க இருப்பான்?”

டேன் தொப்பியிலிருந்த மழையை உதறினான்.

“என்னையாச்சும் மன்னிச்சிருப்பானாடா?”

அவள் கதை எதிலும் இந்தக் கேள்விக்கு இந்நேரம் பதில் வந்திருக்கும். டேன் ஹார்னெட் பெரிய கதவைப் பார்த்தான்.

“தெரியலக்கா,” என்றான்.

உள்ளே, சாமியார் அப்பத்தை உயர்த்துகிறபோது அடிக்கிற எழுந்தேற்ற மணி அடித்தது. ஹானா சேற்றில் முழங்காலிட்டாள். டேன் நின்றபடியே தலையைக் குனிந்துகொண்டான். மழை விடவில்லை.